கிணற்று நீர்மட்ட போர்டு: ஓடத் தெரிந்தது, ஓயத் தெரியவில்லை

மேலூருக்கு அருகே, பெரியாறு கால்வாய்த் தண்ணீர் எட்டாத ஒரு தோட்டக் கிணற்றில் நீர்மட்டத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்பும் கருவியைச் செய்வதற்காக, லினக்ஸ் ஓடும் சிறு கணினியின் மேல் பொருத்தக்கூடிய சென்சார் போர்டு ஒன்றை மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு கடையில் ரூ.2,850 கொடுத்து வாங்கினேன். "மாட்டினா ஓடும் சார்" என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. மாட்டியதும் ஓடியது, ஓய்வதற்குத்தான் அதற்குத் தெரியவில்லை.

போர்டின் அமைப்பைக் குறை சொல்ல அதிகமில்லை. சாலிடர் வேலை சுத்தம், டெர்மினல்கள் உறுதி. கிணற்றில் தொங்கும் அழுத்த சென்சாருக்கும் அதன் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி சிப்புக்கும், நீரோட்டத்தை அளக்கும் ஓட்டமானியின் சுற்றுக்கும் சேர்த்து ஒரே சப்ளை. அதை மென்பொருளால் மின்னழுத்தத்தை உயர்த்தித் தாழ்த்தக்கூடிய ஒரு ஜிபிஐஓ முள் மூலம் நிறுத்தவும் போடவும் லோடு ஸ்விட்ச் என்ற மின்னணு ஸ்விட்சை வைத்திருக்கிறார்கள். ஆனால் உடன் கொடுத்த டிரைவர் (போர்டை இயக்கும் மென்பொருள்), ஏற்றப்படும்போது அந்த முள்ளை உயர்த்திவிட்டு, கணினி உறக்கத்துக்குப் போகும்போதுகூட அதைத் தாழ்த்துவதில்லை. பேட்டரிப் பக்கம் அளந்தபோது அந்த சப்ளை மட்டும் 40 மில்லி ஆம்பியர் இழுத்தது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி மேகமூட்டமான வாரத்தில் ஆறாம் நாள் படுத்துவிட்டது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் 2 விநாடி மட்டும் சப்ளை கொடுத்தால் ஒரு நாளைக்கு 192 விநாடிதான். 960 மில்லி ஆம்பியர்-மணி செலவாகும் இடத்தில் சுமார் 2 போதும்.

அதைவிட மோசமானது, ஓட்டமானிக்கான இரண்டாவது டிரைவரும் அதே முள்ளை நேரடியாகவே தொடுவது. அந்த டிரைவரை நீக்கினால் முள் தாழ்ந்து, வேலையில் இருக்கும் ஏடிசியும் சேர்ந்து செத்துவிடுகிறது. லியாம் கெர்ட்வுட்டும் மார்க் பிரவுனும் எழுதிய, சப்ளைகளை நிர்வகிக்கும் ரெகுலேட்டர் கட்டமைப்பு 2008-இல் லினக்ஸின் மையமான கெர்னலின் 2.6.27 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. எத்தனை பேர் சப்ளையைக் கேட்டிருக்கிறார்கள் என்று அது கணக்கு வைத்து, கடைசி ஆள் விட்ட பிறகே அணைக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் முள்ளைக் கையால் ஆட்டும் டிரைவரை விலைக்கு விற்பது எனக்கு எரிச்சலைத்தான் தந்தது.

ஆகவே டிரைவரைத் திருத்தி எழுதினேன். முதல் முயற்சியில் வன்பொருள் இணைப்புகளைக் கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் சப்ளையைக் குறிப்பிட மறந்துவிட்டேன். கெர்னல் பிழை எதுவும் காட்டாமல் எதையும் போடவோ அணைக்கவோ செய்யாத ஒரு பொம்மை ரெகுலேட்டரைக் கொடுத்துவிட்டதால், எல்லாம் வெற்றி என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருக்க, ஸ்விட்சோ அசையவே இல்லை. லாகில் இருந்த ஒற்றை வரியைக் கவனிக்க அரை நாள் ஆயிற்று. பிறகு லோடு ஸ்விட்சை நிலையான ரெகுலேட்டராக அறிவித்து, சப்ளை நிலைபெற 25 மில்லி விநாடித் தாமதத்தையும் அங்கேயே எழுதினேன்; பழைய டிரைவரில் ஏற்றியதும் முதல் வாசிப்பு அவ்வப்போது தவறியதற்கு அந்தத் தாமதம் இல்லாததே காரணம். வேலையில்லாத சாதனத்தை உறங்கவைக்கும் ரன்டைம் பவர் மேலாண்மை வழியாக, அளக்கும்போது எழுப்பவும், முடிந்ததும் ரீசெட் முள்ளைத் தாழ்த்திய பின்னரே சப்ளையை விடவும் வரிசைப்படுத்தினேன்.

அப்போதுதான் போர்டின் மெய்யான குறை தெரிந்தது. அணைத்த பின்னும் சென்சார் சப்ளையில் 1.4 வோல்ட் நின்றது. கணினியும் ஏடிசியும் பேசிக்கொள்ளும் ஐ-டூ-சி பஸ்ஸின் கம்பிகளை உயர் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் புல்-அப் மின்தடைகள் எப்போதும் உயிரோடிருக்கும் 3.3 வோல்ட்டில் கட்டப்பட்டிருப்பதால், மின்சாரம் அவற்றின் வழியே ஏடிசியின் பாதுகாப்பு டையோடுகளுக்குள் புகுந்து, சிப்பைச் சாகவும் விடாமல் பிழைக்கவும் விடாமல் வைத்திருக்கிறது; அதனால் அடுத்த முறை எழுப்பும்போது அது முறையாக ரீசெட் ஆவதில்லை. எந்த டிரைவராலும் இதைத் திருத்த முடியாது. அந்த பஸ்ஸில் வேறு சிப் எதுவும் இல்லாததால், இரண்டு 4.7 கிலோ ஓம் மின்தடைகளைக் கழற்றி, ஸ்விட்சுக்குப் பின்னால் வரும் 3.3 வோல்ட்டுக்கு மாற்றிச் சாலிடர் செய்தேன். கடிகாரச் சிப்பையும் அதே பஸ்ஸில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது.

டிரைவர் எழுதத் தெரிந்து, சாலிடர் இரும்பும் கையில் இருந்தால் இந்த விலைக்கு வாங்கலாம். மாட்டி விட்டுவிட்டு வரலாம் என்று நினைப்பவர் வாங்க வேண்டாம். வாங்குவதாக இருந்தால், கடையிலேயே கணினியை உறங்கவைத்து, சென்சார் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.