கல்லூரிக் கூடைப்பந்து ‘சர்வைவர் பூல்’ நடத்த ஓர் இணையச் சேவை: பயன்படுத்தியபின் ஒரு மதிப்பீடு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் ‘மார்ச் மேட்னஸ்’ தொடருக்கு (தோற்ற அணி உடனே வெளியேறும் தொடர் இது) பெரும்பாலான அலுவலகங்களில் பிராக்கெட் எனப்படும் ஆட்ட அட்டவணையை நிரப்புவதுதான் வழக்கம். 63 ஆட்டங்களின் முடிவுகளையும் தொடருக்கு முன்பே கணித்து எழுதிவிட்டு, அதன்பின் செய்வதற்கு ஏதுமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முறையைவிட, சர்வைவர் பூலே எங்கள் குழுவினருக்குப் பிடித்தமானது. ஒவ்வோர் ஆட்ட நாளிலும் வெல்லும் என்று நம்புகிற ஒரே ஓர் அணியைத் தெரிவு செய்ய வேண்டும். அந்த அணி தோற்றால் தெரிவு செய்தவர் வெளியேறுவார். வென்றால் நீடிப்பார், ஆனால் அந்த அணியை மீண்டும் எடுக்க முடியாது. இதைச் சில ஆண்டுகள் விரிதாளிலும் குழு மின்னஞ்சலிலும் நடத்திவிட்டு, அண்மையில் இதற்கென்றே உள்ள ஓர் இணையச் சேவைக்கு மாறினோம். இத்தகைய சேவைகள் பலவும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இயங்குவதால், பெயரை விட்டுவிட்டு, எதைப் பார்த்து ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது தெரிவுகள் பூட்டப்படும் விதம். நாங்கள் பயன்படுத்திய சேவையில் இரண்டு வழிகள் உள்ளன: அன்றைய முதல் ஆட்டம் தொடங்கும்போதே எல்லாருடைய தெரிவுகளையும் பூட்டிவிடுவது; அல்லது அவரவர் எடுத்த அணியின் ஆட்டம் தொடங்கும்வரை மாற்றிக்கொள்ள அனுமதிப்பது. இரண்டாவது வழி தாராளமானதாகத் தோன்றினாலும் நியாயமானதன்று என்பது என் உறுதியான கருத்து. நண்பகலில் தொடங்கும் ஆட்டங்களில் ஒரு வலிய அணி வீழ்ந்து, போட்டியாளர்களில் பாதிப்பேர் வெளியேறியதைக் கண்டபின், இரவு ஆட்டத்துக்கான தன் தெரிவை ஒருவர் மாற்றிக்கொள்ள முடியுமானால், காலையிலேயே முடிவெடுத்தவருக்கு அது அநீதி. முதல் வழியைச் சேவை இயல்பு அமைப்பாக வைத்திருப்பதும், பூட்டும் நேரத்தை ஒவ்வொருவருக்கும் அவரவர் நேர மண்டலத்தில் காட்டுவதும், அதுவரை யார் எந்த அணியை எடுத்தார் என்பதை ஒருங்கிணைப்பாளரிடமிருந்துகூட மறைத்து வைப்பதும் பாராட்டுக்குரியவை. ஒருங்கிணைப்பாளரும் போட்டியாளராக இருக்கும் குழுக்களில் இந்த மறைப்பு மிக முக்கியமானது. விரிதாளில் நடத்தியபோது இதற்கு வழியே இருக்கவில்லை. வியாழக்கிழமையின் கடைசி ஆட்டம் கிழக்கு நேரப்படி நள்ளிரவைத் தாண்டி முடிந்தாலும், நாட்காட்டியைப் பாராமல் அதை வியாழக்கிழமைக் கணக்கிலேயே சேர்ப்பதும் சரியாக நடக்கிறது.

பூட்டியபின் எந்த அணியை எத்தனை பேர் எடுத்தனர் என்று ஒரு பட்டியல் வருகிறது. 2023இல் தரநிலையில் (1 மிக வலியது, 16 மிக வலுக் குறைந்தது) முதல் நிலை அணியான பர்டூவை 16ஆம் நிலையிலிருந்த ஃபேர்லி டிக்கின்சன் 63–58 என்ற கணக்கில் வீழ்த்தியதுபோல் ஒன்று நிகழும்போது, இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஓர் ஆட்டத்தைப் பார்ப்பது போன்ற பரபரப்பைத் தருகிறது.

சேவையின் உண்மையான குறை தொடரின் கடைசி நாட்களில்தான் வெளிப்படுகிறது. அதைப் புரிந்துகொள்ள, பூலின் கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் ஆட்ட நாட்கள் பத்து: இரண்டு வாரங்களில் வியாழன் முதல் ஞாயிறு வரை எட்டு நாட்கள், அதன்பின் அரையிறுதிச் சனிக்கிழமை, இறுதித் திங்கட்கிழமை. காலிறுதியின் சனிக்கிழமை வெற்றியாளர் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வெற்றியாளர் ஒன்று, அரையிறுதி வெற்றியாளர் ஒன்று, சாம்பியன் என்று கடைசி நான்கு நாட்களுக்கும் நான்கு வெவ்வேறு அணிகள் தேவை. இந்த நான்குமே அரையிறுதிக்கு வந்த அணிகளாகத்தான் இருக்க முடியும். ஆகவே பத்து நாட்களையும் கடக்க விரும்புபவர், அரையிறுதிக்கு வரப்போகும் நான்கு அணிகளில் ஒன்றைக்கூட அதற்கு முந்தைய ஆறு நாட்களில் தொட்டிருக்கக் கூடாது.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். காலிறுதியில் சனிக்கிழமை ஃபுளோரிடாவும் டியூக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆபர்னும் ஹூஸ்டனும் வென்றன. அரையிறுதியில் ஆபர்ன் ஃபுளோரிடாவிடமும், டியூக் ஹூஸ்டனிடமும் தோற்றன. இறுதியில் ஃபுளோரிடா 65–63 என்று ஹூஸ்டனை வென்றது. கடைசி நான்கு நாட்களையும் பிழையின்றிக் கடக்க ஒரே ஒரு வரிசைதான் இருந்தது: டியூக், ஆபர்ன், ஹூஸ்டன், ஃபுளோரிடா. அந்த அரையிறுதிகளில் சனிக்கிழமை வென்ற ஃபுளோரிடாவும் டியூக்கும் இரண்டுமே தோற்றிருந்தால், ஒருவரும், எவ்வளவு தேர்ந்தவராயினும், பத்து நாட்களையும் கடந்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு எடுக்க வேண்டியிருந்த அணி அரையிறுதிக்கோ இறுதியாட்டத்துக்கோ மீண்டும் தேவைப்பட்டிருக்கும்.

எனவே எடுப்பதற்கு அணியே எஞ்சாத நிலை அரிய விதிவிலக்கு அன்று. இந்த ஆட்ட முறையிலேயே அது அடங்கியிருக்கிறது. ஆனால் சேவை அதைக் கண்டுகொள்வதில்லை. எடுக்கத்தக்க அணி இல்லாதவரையும், காலக்கெடுவை மறந்துவிட்டவரையும் ஒரே தட்டில் வைத்து, இருவரையும் ‘தெரிவு செய்யவில்லை’ என்று வெளியேற்றிவிடுகிறது. மீதமுள்ள அனைவரும் ஒரே நாளில் வெளியேறினால் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்வதா, வெற்றியைப் பகிர்வதா, எடுத்த அணிகளின் தரநிலை எண்களைக் கூட்டிப் பெரிய கூட்டுத்தொகை பெற்றவரை வெற்றியாளராக அறிவிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வசதி அமைப்புகளில் இல்லை. மூன்றாவது வழியே எனக்கு உகந்ததாகப் படுகிறது. வலுக் குறைந்த அணிகளை நம்பித் துணிந்தவருக்கு அதில் உரிய மதிப்பு கிடைக்கிறது. எங்கள் குழுவில் இதைக் கையால் கணக்கிட்டு முடித்தோம்; கட்டணம் வாங்கும் ஒரு சேவை இதைத் தானே செய்ய வேண்டும்.

ஆட்டம் நடைபெறாமல் போனால் என்ன செய்வது என்பதும் விதிப்பக்கத்தில் தெளிவாக இல்லை. 2021இல் தொற்று விதிகளால் விசியு (வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம்) அணி ஆட முடியாமல் போக, ஒரு பந்துகூட வீசப்படாமலேயே ஆரிகன் அடுத்த சுற்றுக்குச் சென்றது. ஆரிகனை எடுத்தவர் வென்றாரா, விசியுவை எடுத்தவர் வெளியேறினாரா என்பதற்கு முன்கூட்டியே பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இங்கே ஒருங்கிணைப்பாளர் முடிவைக் கைப்பட மாற்றும் வசதி உண்டு என்பதும், அவர் செய்த மாற்றம் எல்லாருக்கும் தெரியும்படி பதிவாகிறது என்பதும் ஓரளவு ஆறுதல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நினைவூட்டல் மின்னஞ்சல்கள் ஒழுங்காக வருகின்றன. கைப்பேசியில் பக்கம் சற்று மெதுவாகத் திறக்கிறது. மகளிர் தொடருக்கும் தனிக் குழு தொடங்கலாம்; அதன் முதல் சுற்று வெள்ளியும் சனியும் நடப்பதால், இரண்டையும் நடத்துபவர் காலக்கெடுக்களைத் தனித்தனியே கவனிக்க வேண்டும். நுழைவுப் பணத்தைச் சேவை கையாளுவதில்லை; இதுபற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் அதுவே நல்லது.

பத்துப் பேருக்குக் குறைவான குழுவாக இருந்தால் விரிதாளே போதும், கட்டணம் தேவையில்லை. அதற்கு மேற்பட்டவர்கள் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்தால், பூட்டும் முறைக்காகவே இத்தகைய சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் அணி எஞ்சாதவருக்கும், சமநிலைக்கும், நடைபெறாத ஆட்டத்துக்கும் உரிய விதிகளை, அணிகள் அறிவிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே நீங்களாகவே எழுதி, குழுவின் முகப்புப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.