ஒற்றைக் கண்டென்சர் முதல் டிஎஸ்பி வரை: குன்னூரில் ஒரு கிராஸ்ஓவர் கணக்கு

ஐந்து அங்குல ஊஃபர், ஒரு அங்குல ட்வீட்டர், எட்டு லிட்டர் ஸ்பீக்கர் பெட்டி. தச்சு வேலை மூன்று வாரக் கடைசிகளில் முடிந்துவிட்டது. கிராஸ்ஓவருக்கு ஆறு மாதம் பிடித்தது. தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் இந்தச் சின்னச் சர்க்யூட்டுக்கு வழிகள் பல உண்டு. ஏறக்குறைய எல்லாவற்றையும் கட்டிக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் போர்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். '3,500 ஹெர்ட்ஸ், 8 ஓம்' என்று அச்சடித்திருக்கும். ஆனால் '8 ஓம்' ஊஃபர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. அதன் வாய்ஸ் காயிலின் தூண்டலால் மேலே போகப் போக எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். அளவெடுக்காமல் தைத்த சட்டை அது.

ஒற்றைக் கண்டென்சருக்குத்தான் ரசிகர்கள் அதிகம். ட்வீட்டருக்கு ஒரு கண்டென்சர், ஊஃபருக்கு ஒரு காயில், வேலை முடிந்தது. 8 ஓம், 3,000 ஹெர்ட்ஸ் என்றால் கணக்குப்படி 6.6 மைக்ரோஃபாரட். ஒலியலைகளின் கட்டத்தை (ஃபேஸ்) கெடுக்காத ஒரே வடிவம் என்று இதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் சொல்வது ஏட்டளவில் உண்மைதான். சிக்கல் சரிவில் இருக்கிறது. ஒரு ஸ்தாயிக்கு, அதாவது அதிர்வெண் இரு மடங்கு மாறுவதற்கு, 6 டெசிபல்தான் இறங்கும். 1,000 ஹெர்ட்ஸில் கூட ட்வீட்டருக்குப் போவது வெறும் 10 டெசிபல் குறைவாகத்தான். பல ட்வீட்டர்களின் ஒத்ததிர்வு, அதாவது அவை தாமாகவே பலமாக அதிரும் அதிர்வெண், அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே எதிர்ப்பு எகிறுவதால் கண்டென்சரின் பிடி இன்னும் தளர்கிறது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் என் பெட்டியில் பெண் குரல்கள் கிழிந்தன. மெதுவாகக் கேட்டால் மட்டும் அழகு. விரிந்த வீச்சுள்ள, விலை கூடிய டிரைவர்கள் (ஊஃபர், ட்வீட்டர் இரண்டுக்கும் பொதுப் பெயர்) இருந்தால் முயன்று பார்க்கலாம். பட்ஜெட் டிரைவர்களுக்கு இது சிக்கனம் அல்ல, செலவு.

அடுத்த படி 12 டெசிபல். லிங்க்விட்ஸ்-ரைலி என்ற ஃபில்டர் வகையில், அதே 3,000 ஹெர்ட்ஸுக்கு 3.3 மைக்ரோஃபாரட், 0.85 மில்லிஹென்றி, டிரைவர் ஒன்றுக்கு இவை ஒரு ஜோடி. 1,000 ஹெர்ட்ஸில் ட்வீட்டருக்கு 20 டெசிபல் குறைந்துவிடும். ஆனால் பிரியும் இடத்தில் இரண்டு டிரைவர்களும் நேரெதிராக இழுக்கும், ஒலியில் பள்ளம் விழும். ட்வீட்டரின் வயர்களை மாற்றிக் கொடுத்தால் பள்ளம் நிரம்பும். இதை மறந்துவிட்டு, 'டிரைவர் சரியில்லை' என்று நான் புலம்பிய இரண்டு வாரங்களை இங்கே விவரிக்கப் போவதில்லை.

24 டெசிபலை முழுக்கக் காயிலும் கண்டென்சருமாகக் கட்டினால் 1,000 ஹெர்ட்ஸில் 38 டெசிபல் குறையும். ட்வீட்டருக்கு அதைவிடப் பாதுகாப்பு இல்லை. பெட்டி ஒன்றுக்கு எட்டு உறுப்புகள், அதில் நான்கு காயில். செம்பு விற்கும் விலையில் இதைப் படமாக வரைந்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

காயில் வாங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடையில் ஒரு மில்லிமீட்டர் எனாமல் கம்பி கேட்டேன். "எத்தனை எச்.பி. மோட்டார் அண்ணா?" என்றார் கடைத் தம்பி. பாட்டுப் பெட்டிக்கு என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எடைபோட்டுக் கொடுத்தார். பிவிசி குழாய்த் துண்டில் சுற்றி, காயிலின் மதிப்பைக் காட்டும் எல்சிஆர் மீட்டரில் பார்த்துப் பார்த்துச் சுற்றுகளைக் குறைத்தேன். இரும்புக் கரு வைத்தால் கம்பி குறையும், ஆனால் பலத்த ஒலியில் கரு காந்தத்தால் நிறைவடைந்து ஒலி திரிபடைய வாய்ப்புண்டு. காற்றுக் கருவே போதும். இரண்டு காயில்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றை நிற்கவும் மற்றதைப் படுக்கவும் வையுங்கள். இல்லையென்றால் ஒன்றின் காந்தப்புலம் இன்னொன்றில் புகுந்துவிடும்.

ஏட்டளவில் எல்லாவற்றையும் தோற்கடிப்பது டிஎஸ்பி, அதாவது ஒலியை எண்களாக மாற்றிப் பிரிக்கும் டிஜிட்டல் சிப். சரிவு, தாமதம், அளவு எல்லாம் கணினியில் நொடியில் மாறும். ஆனால் இரண்டு பெட்டிகளுக்கு நான்கு ஆம்ப்ளிஃபையர் சேனல்கள் வேண்டும். ட்வீட்டரை ஆம்ப்ளிஃபையரோடு நேரடியாக இணைப்பதால் அதன் இரைச்சல் முழுவதும் காதுக்கு வரும். நகரத்தில் அது தெரியாது. இங்கே இரவு ஒன்பதுக்கு மேல் தேயிலைக்குள் காட்டெருமை நடக்கும் சலசலப்புதான் உச்சபட்சச் சத்தம். அந்த 'உஸ்' என்னைத் தூங்கவிடவில்லை. மலையில் மழைக்காலம் என்றால் மரம் விழும், மின்சாரம் போகும், வரும், மறுபடி போகும். ஐப்பசியில் ஒரு மாலை மின்சாரம் திரும்பியபோது 'டம்' என்றொரு சத்தம். ஒரு ட்வீட்டர் போய்விட்டது. பாதுகாப்புக்கு ஒரு பெரிய கண்டென்சரைத் தொடரில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

ஆகவே டிஎஸ்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைக்கு மாற்றினேன். அதில் திருத்திக் கேட்பது, மைக் வைத்து அளப்பது, பிடித்த வளைவை விட்டுயிக்ஸ்கேட் (VituixCAD) என்ற ஸ்பீக்கர் வடிவமைப்பு மென்பொருளில் காயில்-கண்டென்சராக மாற்றுவது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. டிரைவர்கள் தாமாகவே ஓரங்களில் சரிகின்றன. 12 டெசிபல் சர்க்யூட்டோடு அந்த இயல்பான சரிவும் சேர்ந்தால், அறையில் கேட்பது 24 டெசிபல் சரிவாகிவிடும். நான்கு காயில் தேவையில்லை, இரண்டு போதும். இந்த முறையில் ட்வீட்டர் வயரை மாற்றவும் கூடாது. சோதனைக்காக மாற்றினால் பிரியும் இடத்தில் ஆழமான பள்ளம் விழ வேண்டும். விழுந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம்.

ஊஃபர் காயில் 0.85 அல்ல, 1.5 மில்லிஹென்றியில் வந்து நின்றது. 20 சென்டிமீட்டர் அகல முகப்பில் சுமார் 575 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பெரிய காயில். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால் உயரமும் கணக்கைக் கெடுக்குமோ என்று பயந்தேன். மூடிய பெட்டி சற்றுப் பெரிய பெட்டிபோல நடந்துகொள்ளும், ஒலியளவு கொஞ்சம் குறையும். ஆனால் குறைவு இரண்டு டிரைவர்களுக்கும் ஒன்றுதான். கிராஸ்ஓவரைத் தொட வேண்டியதில்லை.

ட்வீட்டரின் அளவைக் குறைக்கும் ரெசிஸ்டரை மட்டும் இன்னும் சால்டர் வைக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் திருகு முனையில் மாட்டியிருக்கிறேன். அப்பா உதகை வானொலியில் செய்தி கேட்கும்போது 2.2 ஓம் கூர்மையாக இருக்கிறது என்பார், 3.3 மாட்டுவேன். மார்கழிக் குளிருக்கு ஜன்னல்களில் கம்பளித் திரை ஏறியதும் அறை மந்தமாகி, மறுபடி 2.2-க்கே வந்துவிடுகிறேன்.