பல்பைக் கழற்றிய பிறகும் ஆம்பியர் காட்டும் புராஜெக்ட்

கோவையில் பி.இ. கடைசி வருஷம் படிப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைப் படித்துவிட்டு அப்புறம் காந்திபுரம் பக்கம் போங்கள். எட்டாவது செமஸ்டர் தொடங்கிவிட்டால் அங்கே "ஐ-ட்ரிபிள்-ஈ புராஜெக்ட்ஸ்" என்று பலகை மாட்டி, கடைசி வருஷப் புராஜெக்ட்டுக்குக் காசு வாங்கும் சென்டர்கள் இருக்கும் மாடிகளில் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு மாடியில் என் தங்கச்சியின் பேட்ச் 18,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தது. சென்டரின் பெயரை நான் போடவில்லை. போட்டால் அதை மட்டும் தவிர்த்துவிட்டுப் பக்கத்து மாடி ஏறுவீர்கள். எந்த மாடியில் பணம் கட்டினாலும் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

தங்கச்சி ட்ரிபிள்-ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) படித்தாள். நான் பம்ப் கன்ட்ரோலர் செய்யும் கம்பெனி ஒன்றில் போர்டு டெஸ்டிங் பார்க்கிறேன். "வீட்டிலேயே ஆள் இருக்க எதற்கு சென்டர்?" என்று கேட்பீர்கள். அவளும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் பேட்ச் என்பது நான்கு பேர். டிபார்ட்மென்ட் லேபில் இருக்கும் ஒருவர் விசிட்டிங் கார்டு கொடுத்து, "நம்ம காலேஜ் பசங்க எல்லாம் இங்கதான் பண்றாங்க" என்று சொல்லியிருக்கிறார். மூன்று பேர் தலையாட்டி, ஒருவன் அன்றைக்கே ஜிபே-யில் அட்வான்ஸும் போட்டுவிட்டான். கைடு மேடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிளாஸ், லேப், அக்ரெடிட்டேஷன் ஃபைல் எல்லாவற்றோடும் ஏகப்பட்ட பேட்சுகள் அவர் தலையில். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டப்படி இந்தப் புராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட், வாரம் 20 பீரியட். ரிப்போர்ட்டின் முன்பக்கத்தில் இருக்கும் போனஃபைடு சான்றிதழில் "என் மேற்பார்வையில் செய்யப்பட்டது" என்று கைடு கையெழுத்துப் போட வேண்டும். அந்த 20 பீரியடும் டைம்டேபிளில் மட்டும்தான் இருந்தது. மேற்பார்வை என்று பார்த்தால், லாக் புக்கில் வாரம் ஒரு டிக்.

தலைப்பு, ஐஓடி மூலம் மின்மாற்றியைக் கண்காணிப்பது. தெருமுனையில் நிற்கும் 11 கேவி டிரான்ஸ்ஃபார்மரில் லோடு கூடுகிறதா, ஆயில் சூடாகிறதா, ஆயில் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்து எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். நல்ல தலைப்புதான். மேஜையில் டெமோ காட்ட, பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் 12 வோல்ட் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, லோடுக்கு 100 வாட்ஸ் குண்டு பல்பு, ஆயில் டேங்குக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கன்ட்ரோலர் போர்டு, ஏசிஎஸ்712 கரன்ட் சென்சார், சூட்டை அளக்க எல்எம்35, ஆயில் மட்டத்துக்கு அல்ட்ராசோனிக் சென்சார், சிம்800எல் ஜிஎஸ்எம் மாட்யூல், ஒரு எல்சிடி. கடையிலோ ஆன்லைனிலோ சில்லறையாக வாங்கினாலும் எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டாது. மீதிப் பணம் "கைடன்ஸ்" என்றார்கள்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் காலண்டரில் இருக்கிறது. செமஸ்டரில் மூன்று ரிவ்யூ. முதல் ரிவ்யூவுக்குப் பிளாக் டயகிராமும் பிபிடியும் போதும். அதை மறுநாளே கொடுத்துவிட்டார்கள், அழகாக இருந்தது, எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டாவது ரிவ்யூவுக்கு எல்சிடி எரியும் ஒரு போர்டை ஒரு நாளைக்குக் கொடுத்து, "ஃபைன் டியூனிங் பண்ணணும்" என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் போன் எடுக்கவில்லை. எடுத்தால் "பிசிபி பெங்களூர்ல இருந்து வரணும்". மூன்றாவது ரிவ்யூ நெருங்கியதும் கூப்பிட்டு, "மீதி 9,000 கட்டிட்டு கிட்டை எடுத்துக்கோங்க" என்றார்கள். அந்த நேரத்தில் யாராலும் வேறு இடம் தேடிப் போக முடியாது. கிட்டைச் சோதித்துப் பார்க்கவும் நேரமில்லை. இது தாமதம் என்று நான் நம்பவில்லை, கணக்குப் போட்டுச் செய்கிறார்கள்.

கிட் வீட்டுக்கு வந்தது. தங்கச்சி அதை டைனிங் டேபிளில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். 228 வோல்ட், 0.41 ஆம்பியர், 36 டிகிரி என்று எல்சிடி ஜோராகக் காட்டியது. 100 வாட்ஸ் பல்பு 230 வோல்ட்டில் சுமார் 0.43 ஆம்பியர் இழுக்கும், ஆகவே நானும் சரி என்றுதான் நினைத்தேன். சமையலறையில் இருந்தேன், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணா, பல்பைக் கழட்டிட்டேன். இன்னும் 0.41 காட்டுது."

லூஸ் கான்டாக்ட், சென்சார் நாய்ஸ் என்று நான் ஏதோ சொன்னேன். அவள் விடவில்லை. ஆர்டுயினோவின் ரீசெட் பட்டனை அழுத்தி, வரும் எண்களை நோட்டில் வரிசையாக எழுதினாள். மறுபடி ரீசெட் செய்து மறுபடி எழுதினாள். இரண்டு வரிசையும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. பல்பு இருந்தாலும் அதே வரிசை, இல்லாவிட்டாலும் அதே வரிசை.

போர்டு டெஸ்டிங் பார்க்கும் எவருக்கும் இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம். ஆர்டுயினோவில் ரேண்டம் என்று, இஷ்டத்துக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும் ஃபங்ஷன் உண்டு. 38-க்கும் 45-க்கும் நடுவில் ஓர் எண்ணை எடு, நூறால் வகு, ஆம்பியர் என்று எல்சிடியில் போடு என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அதற்கு முன் ரேண்டம்-சீட் என்று, ஒவ்வொரு முறையும் மாறும் ஒரு தொடக்க எண்ணைக் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது முதலிலிருந்து அதே வரிசையில்தான் எண்களைத் துப்பும். நிஜ சென்சார் ஒருபோதும் அப்படி ஒப்பிக்காது. போர்டைத் திருப்பிப் பார்த்தால், ஏசிஎஸ்712-இன் அவுட்புட் வயர் கிளூ கன்னால் ஒட்டியிருந்தது, எந்தப் பின்னிலும் சால்டர் செய்யப்படவில்லை. எல்எம்35 டப்பாவின் வெளிப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஆயிலில் படவே படாது.

ஏமாற்றுவதற்குக்கூட ஒரு சீட் கொடுக்கத் தெரியவில்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

எஸ்எம்எஸ் கதை தனி. சிம்800எல் 2ஜி மாட்யூல். ஜியோவில் 2ஜியே கிடையாது, ஆனால் அவர்கள் போட்டுக் கொடுத்த சிம் ஜியோ. மாட்யூலில் ஒரு குட்டி எல்இடி இருக்கும்: நெட்வொர்க் கிடைத்துவிட்டால் மூன்று செகண்டுக்கு ஒருமுறை மினுக்கும், தேடிக்கொண்டே இருந்தால் செகண்டுக்கு ஒருமுறை. இது செகண்டுக்கு ஒருமுறை மினுக்கிக்கொண்டே இருந்தது. ஏர்டெல் சிம் மாற்றினால் நெட்வொர்க் பிடித்தது, ஆனால் மெசேஜ் அனுப்பப் போகும் நேரத்தில் மாட்யூல் அணைந்து எழுந்தது. அதற்குத் தேவை நான்கு வோல்ட் அளவில் சப்ளை, டிரான்ஸ்மிட் செய்யும் நொடியில் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். அவர்கள் கொடுத்திருந்தது ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து ஒரு டையோடு வழியாக. அது தாங்குமா?

மறுநாள் தங்கச்சியோடு நானும் போனேன். "டெக்னிக்கல் ஹெட்" என்று ஒருவர் வந்தார். நோட்டில் இருந்த இரண்டு வரிசையையும் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரீடிங் ஸ்டேபிளா வரணும்னுதான் சார் அப்படிப் போட்டிருக்கோம்" என்றார். லோடு இல்லாதபோதும் ஸ்டேபிளாக ஏன் வர வேண்டும் என்று கேட்டதற்கு, "எக்ஸ்டர்னல் அதெல்லாம் கழட்டிப் பாக்க மாட்டாங்க சார்" என்றார், வைவாவுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளரைச் சொல்கிறார். சோர்ஸ் கோடு கேட்டோம். அதற்குத் தனியாக 3,000. பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அப்போதுதான் ரசீதைச் சரியாகப் படிக்கச் சொன்னார். அதில் புராஜெக்ட் என்ற வார்த்தையே இல்லை. "இன்-பிளான்ட் டிரெய்னிங் ஃபீஸ்" என்று இருந்தது. ஜிஎஸ்டி எண் கிடையாது, பணம் போனதும் ஒரு தனிநபர் கணக்குக்கு. "டிரெய்னிங் குடுத்துட்டோம்ல மேடம்?" என்று என் தங்கச்சியைப் பார்த்துக் கேட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ரிப்போர்ட்டையும் அவர்களே அடித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் நான்கு அத்தியாயங்களில் மின்மாற்றி. ஐந்தாவது அத்தியாயத்தில் திடீரென்று "நோயாளியின் உடல்நிலை மருத்துவருக்கு உடனே தெரிவிக்கப்படும்" என்று வந்தது. வேறு ஏதோ ஹெல்த் மானிட்டரிங் புராஜெக்ட்டின் முடிவுரை. கைடு மேடம் அந்தப் பக்கம் வரை வரவே இல்லை போலிருக்கிறது.

ஜர்னல் பேப்பர் பற்றி ஒரு வரி. 2,500 ரூபாய்க்கு "இன்டர்நேஷனல் ஜர்னல் பப்ளிகேஷன்" என்று போட்டுக் கொடுப்பார்கள், இரண்டே நாளில் அக்செப்டன்ஸ் வரும். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்று மயங்காதீர்கள். அது பத்திரிகைக்குக் கொடுக்கும் அடையாள எண், தரச் சான்று அல்ல. "ஹை இம்பாக்ட் ஃபேக்டர்" என்று ஜர்னலே போட்டுக்கொள்ளும் எண்ணுக்கும் மதிப்பில்லை. ஜர்னல் இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடுவது கிளாரிவேட் என்ற நிறுவனம். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தொகுப்பில் இருக்கிறது என்று சொன்னால் ஸ்கோபஸ் தளத்தில் ஜர்னல் பட்டியலை இலவசமாகவே தேடலாம். நீக்கப்பட்ட ஜர்னல் என்றால் அதையும் அங்கேயே போட்டிருப்பார்கள். எம்.இ. படிப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். யுஜிசி-யின் 2018 விதிமுறை முதுநிலை ஆய்வேடுகளுக்கும் பொருந்தும். 10 சதவீதத்துக்கு மேல் 40 வரை ஒற்றுமை இருந்தால் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். நான்கு பேட்சுக்கு ஒரே ஆய்வேட்டை விற்கும் சென்டருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

"காசு கொடுத்துப் புராஜெக்ட் வாங்கியதே தப்பு, இதில் என்ன புலம்பல்" என்று கேட்பவர்கள் வருவார்கள். வாங்குவது தப்பு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பலகையில் எழுதியிருப்பது "கைடன்ஸ்", "ஹேண்ட்ஸ்-ஆன் டிரெய்னிங்". பணம் கட்டும்போது சொன்னதும் "நாங்க கூட இருந்து செய்ய வைப்போம்" என்றுதான். அந்த நால்வரையும் ஒரு நாள்கூட சால்டரிங் அயர்னைத் தொட விடவில்லை.

அப்புறம் என்ன ஆனது என்றால், தங்கச்சி நேராக கைடு மேடத்திடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாள். எனக்கே அந்தத் தைரியம் வந்திருக்காது. மேடம் திட்டினார், பிறகு ரிவ்யூவைச் சில நாள் தள்ளி வைத்துக் கொடுத்தார். கிட்டில் உருப்படியாக இருந்தது ஆர்டுயினோவும் எல்சிடியும்தான், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கரன்ட் சென்சாராக அதே ஏசிஎஸ்712-இன் 5 ஆம்பியர் வகையை வாங்கினார்கள். சென்டர் வைத்திருந்தது 30 ஆம்பியர் வகை. அதில் ஒரு ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட்தான் மாறும், குண்டு பல்பின் கரன்ட்டை அதில் பார்ப்பது கஷ்டம். 5 ஆம்பியர் வகையில் 185 மில்லிவோல்ட். ஜிஎஸ்எம்மைத் தூக்கிவிட்டு வைஃபைக்கு ஒரு நோட்-எம்சியு போர்டு போட்டு, ரீடிங்கை இணையத்தில் காட்டும் திங்ஸ்பீக்கில் இலவசக் கணக்கு தொடங்கினார்கள். அதில் 15 செகண்டுக்கு ஒருமுறைதான் அப்டேட் செய்ய முடியும், டிரான்ஸ்ஃபார்மர் சூடாவதைப் பார்க்க அது தாராளம். அவர்கள் ஒரு கெபாசிட்டரின் துருவத்தை மாற்றிப் போட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியதோடு என் வேலை சரி.

அவர்கள் செய்த போர்டு 0.47 காட்டியது, மல்டிமீட்டர் 0.43. வைவாவில் எக்ஸ்டர்னல் அந்த 0.04 எங்கிருந்து வருகிறது என்றுதான் வெகுநேரம் கேட்டாராம். வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசியின் ஒரு படி எத்தனை மில்லிவோல்ட், ஏசி கரன்ட்டின் ஆர்எம்எஸ் மதிப்பை எப்படிக் கணக்கிட்டாய், ஜீரோ கரன்ட்டில் அவுட்புட் எவ்வளவு என்று போயிருக்கிறது. பல்பைக் கழற்றிக் காட்டச் சொன்னாரா என்று நான் கேட்டேன். முதல் வேலையே அதுதானாம்.

பணம் ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள், மீதித் தொகை கொடுக்கும் முன் சென்டரிலேயே உட்கார்ந்து லோடைக் கழற்றிப் பாருங்கள், சென்சாரைக் கையால் மூடிப் பாருங்கள், ரீசெட் அழுத்தி எண்களை எழுதிப் பாருங்கள், உங்கள் சிம்மைப் போட்டு மெசேஜ் வருகிறதா என்று பாருங்கள். சோர்ஸ் கோடு உண்டு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், ரசீதில் புராஜெக்ட்டின் தலைப்பும் இருக்கட்டும். வாட்ஸ்அப் பேச்சையும் யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காதீர்கள்.

நாங்கள் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. அதையும் செய்வோம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினோம். அதுவரை எடுக்காத போனிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். 18,000-இல் 11,000 தருவதாகவும், கூகுளில் போட்ட ரிவ்யூவை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். ரிவ்யூவை எடுக்க முடியாது என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு 9,000 அனுப்பினார்கள். நான்கு பேரும் பிரித்துக்கொண்டார்கள், ரிவ்யூ அங்கேயே இருக்கிறது.