அலாஸ்கா கப்பல் பயணம்: கீழ்த்தள நடு அறையா, மேல்தள பால்கனியா?

கனடாவின் வான்கூவரில் ஏறி வடக்கே அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்தில் இறங்கும் பயணம். டிக்கெட் முடிவானதும் வரும் குழப்பம் இது.

ஆட்டம்
கீழ் நடு: சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்த மாதிரி, அசைவு மிகக் குறைவு.
மேல்தளம்: உயரம் கூடக்கூட பக்கவாட்டு ஆட்டமும் கூடும். கப்பலின் முனையில் எடுத்தால் ஏற்ற இறக்கமும் சேரும். தீவுகளுக்கு நடுவே போகும் முதல் நாட்களில் இது தெரியாது. அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலுக்கு வந்ததும்தான் வயிறு பேசும்.

காட்சி
கீழ் நடு: சன்னல், அல்லது அதுவும் இல்லை.
மேல்தளம்: வடக்கே போகும்போது கரை வலப்பக்கம் வரும். ஆனால் கிளேசியர் பே என்ற விரிகுடாவில் பனியாற்றின் முன் கப்பல் பொதுவாக மெல்லத் திரும்பி நிற்கும், இரு பக்கத்தாரும் பார்க்கலாம்.

செலவு
பால்கனிதான் அதிகம். சன்னலில்லா உள்ளறைதான் மலிவு.

சத்தம்
மேலே நீச்சல்குளம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுப்பார்கள். மேலும் கீழும் அறைகளே உள்ள தளமாகப் பாருங்கள்.

குமட்டல் வருபவர்களுக்கும் பெரியவர்களுக்கும் கீழ் நடு, லிஃப்ட் பக்கம். கேமராவும் கையுமாக இருப்பவர்களுக்கு பால்கனி. அதையும் நடுப்பகுதியில் கேளுங்கள்.