ஜிம்மி ஸ்மித்தா, லாரி யங்கா?

கும்பகோணத்தில் புதிதாக ஜாஸ் ஆர்கன் (கீபோர்டு போன்ற மின் வாத்தியம்) கேட்கும் தம்பிகள் இரண்டு ஆல்பங்களுக்கு நடுவே தயங்குகிறார்கள்: ஜிம்மி ஸ்மித்தின் ‘பேக் அட் தி சிக்கன் ஷாக்’ (பதிவு 1960), லாரி யங்கின் ‘யூனிட்டி’ (1965). இரண்டும் புளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடுதான்.

எளிமை: ஸ்மித்திடம் புளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வடிவம்), முதல் தடவையே தலை ஆடும். யங் மெதுவாகத்தான் பிடிபடுவார்.

கூட்டணி: ஸ்மித்துக்குச் சாக்ஸபோனில் ஸ்டான்லி டரன்டைன், கிட்டாரில் கென்னி பரல். யங்குடன் டிரம்பெட்டில் வூடி ஷா, சாக்ஸபோனில் ஜோ ஹெண்டர்சன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ்.

பேஸ் (அடியில் ஓடும் கனத்த சுரம்): இரண்டிலும் அதற்குத் தனி ஆள் இல்லை, ஆர்கன்காரரே பார்த்துக்கொள்கிறார். செல்போன் ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும், ஹெட்போன் கட்டாயம்.

தாளம்: இங்கே யங்தான் என் கட்சி. ‘யூனிட்டி’யில் வரும் ‘மங்க்ஸ் டிரீம்’ முழுக்க ஆர்கனும் டிரம்ஸும் மட்டுமே. எல்வின் அடியைச் சிதறவிட்டுச் சேர்க்க, யங் சின்னச் சின்னச் சொற்கட்டாகப் பதில் தருகிறார். கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் மோதிக்கொள்வதை நின்று கேட்டவர்களுக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

சரி, எது யாருக்கு? மாலையில் வீட்டோடு கேட்க ஸ்மித். தாளத்துக்காகக் காது கொடுப்பவர்கள் நேராக யங்கிடம் போகலாம்.