38 விநாடி பின்னால்: கேபிளை விட்ட பத்து மாதம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், விமர்சனம் படிக்க வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். கேபிள் இணைப்பை நிறுத்தி, இணையம் வழியே வரும் ஸ்ட்ரீமிங் ஆப்களுக்கு மாறிப் பத்து மாதம் ஆகிறது. திரும்பப் போகிற எண்ணம் இல்லை. அதற்காக, அடடா இத்தனை நாள் ஏமாந்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. சினிமாவும் சீரியலும் மட்டும் பார்க்கிறவர்கள் கேபிளை விடுவது சுலபம். இன்று ராத்திரி பார்த்தாலும் நாளைக்குப் பார்த்தாலும் கதை மாறப்போவதில்லை. கிரிக்கெட், டென்னிஸ், கால்பந்து, ஃபார்முலா ஒன் என்று வருஷம் முழுக்க எதையாவது நேரலையில் பார்த்தே தீர வேண்டும் என்கிற என் மாதிரி ஆட்களுக்கு இது வேறு சமாச்சாரம்.

எங்கள் வீட்டில் ஹாலில் ஒரே டிவி. பார்ப்பவர்கள் நான், கணவர், மகள், அப்பா. கணவருக்கு எது ஓடினாலும் சரி. மற்ற மூன்று பேருக்கும் அப்படி இல்லை.

கேபிளை ஒரேயடியாக வெட்டிவிடவில்லை. ஒரு மாதம் இரண்டையும் வைத்துக்கொண்டேன். டிவியில் கேபிள், பக்கத்தில் ஸ்டூல் மேல் டேப்லெட்டில் ஸ்ட்ரீமிங். தாமதத்தை அளக்கக் கால்பந்துதான் வசதி, திரை மூலையிலேயே ஆட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். டிவியில் 23:14 என்று காட்டியபோது டேப்லெட்டில் 22:36. கழித்துப் பார்த்தால் 38 விநாடி. வேறொரு நாள், வேறொரு ஆப்பில் 20 விநாடிக்குள் வந்தது. இன்னொரு நாள் 50-ஐத் தாண்டியது. அதாவது டேப்லெட்டில் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும்போது, டிவியில் அவன் கோல் போட்டுச் சட்டையைக் கழற்றி நடுவரிடம் மஞ்சள் அட்டையும் வாங்கிவிட்டான்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் தோண்டினேன். நான் நினைத்தது, செயற்கைக்கோளுக்குப் போய்வருவதுதான் நேரம் பிடிக்கும் என்று. அது பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் இருக்கிறது, ஆனால் சிக்னல் அங்கே ஏறி இறங்கக் கால் விநாடிதான் ஆகிறது. ஸ்ட்ரீமிங்கில் படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகிறார்கள். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்து இன்று பரவலாகப் புழங்கும் எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டுக்கு ஆறு விநாடி என்பது வழக்கமான அளவு. மூன்று துண்டாவது கையில் சேர்ந்தால்தான் பிளேயர் நம்பி ஓட்ட ஆரம்பிக்கும். அங்கேயே பதினெட்டு விநாடி போயிற்று. படத்தைச் சுருக்குவது, ஊர் ஊராக இருக்கும் சர்வர்களுக்கு அனுப்புவது எல்லாம் அதற்கு மேலே. நடுவில் ஒரு தடவை நின்று சுற்றினால் அந்த நேரமும் கூடச் சேர்ந்துகொள்ளும், ஆட்டம் முடியும்வரை அந்தப் பாக்கி அப்படியே நிற்கும். அப்போது 'லைவ்' என்று எழுதியிருக்கும் பொத்தானை ஒரு அழுத்து அழுத்த வேண்டும். இது தெரியாமல் முதல் மாதம் முழுக்க ஒரு நிமிஷம் பழைய ஆட்டம் பார்த்திருக்கிறோம்.

இதில் அடிபட்டது அப்பா. இல்லை, அவர் அடிபடவில்லை, எங்களை அடித்தார். டிவி வர்ணனை அவருக்குப் பிடிக்காது. டிவியின் சத்தத்தை அமுக்கிவிட்டு டிரான்சிஸ்டரில் வர்ணனை கேட்பார், பல வருஷப் பழக்கம். கேபிள் இருந்தபோது இரண்டுக்கும் நடுவே சில விநாடி இடறும், அதை அவர் பொருட்படுத்தியதில்லை. ஸ்ட்ரீமிங் வந்த பிறகு வானொலி அரை நிமிஷம் முன்னே ஓடியது. முதல் நாள், "என்னம்மா இது, இங்கே அவுட்னு சொல்றான், அங்கே அவன் இன்னும் பந்தைத் துடைச்சிட்டு இருக்கான்?" என்றார். இரண்டாம் நாள் விஷயம் பிடிபட்டுவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து அவர் ஜோசியர். காதில் டிரான்சிஸ்டரை ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடி, "அடுத்த பந்து நாலு, பாயிண்ட் பக்கம்" என்பார். பந்து பாயிண்ட் பக்கம் போகும். மகள் தாத்தாவோடு பந்தயம் கட்டித் தன் பேனா எல்லாம் தோற்ற பிறகுதான் குட்டு உடைந்தது. இப்போது முக்கியமான ஆட்டம் என்றால் டிரான்சிஸ்டர் பேட்டரி அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடும். ஸ்கோர் ஆப்பின் அறிவிப்புகளையும் அணைத்துவிட்டேன். ஊரிலிருக்கும் தம்பிக்கு ஒரே சட்டம்: விக்கெட் விழுந்தால் வாயைத் திறக்காதே, "பார்த்தாச்சாக்கா?" என்று மட்டும் கேள். அவன் அதைக் கேட்பதிலேயே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

படத்தின் தரம் பற்றி எல்லோரும் 4கே, 4கே என்கிறார்கள். விளையாட்டுக்கு அதைவிட முக்கியம் விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை தனித்தனிப் படம் என்பது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து வந்தால் அது விநாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். 25 ஃபிரேமில் பார்த்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பந்து ஒன்றரை மீட்டர் தாண்டியிருக்கும். பிட்ச்சின் மொத்த நீளமே 20.12 மீட்டர்தான், பந்தைப் பதிமூன்று இடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். 50 ஃபிரேமில் அந்தத் தாவல் முக்கால் மீட்டராகக் குறைகிறது, பந்து உண்மையாகவே உருண்டு வருகிற மாதிரி இருக்கும். எங்கள் டிவியிலேயே இருந்த பழைய ஆப்பில் பந்து தத்தித் தத்தி வந்தது. தனியாக ஒரு சின்ன ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்கி மாட்டினேன், அதே ஆப், அதே ஆட்டம், வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அப்போதும் விடாமல் சின்னதாக ஒரு குலுக்கல். ஆட்டம் 50-இல் வருகிறது, பெட்டி 60-இல் தள்ளுகிறது, அதுதான் காரணம். வருகிற ஃபிரேம் ரேட்டுக்கே பொருந்திப் போகச் சொல்லும் ஒரு தேர்வு பெட்டியின் செட்டிங்கில் இருந்தது, அதைப் போட்டதும் சரியாயிற்று. டிவியில் அசைவை மெருகேற்றுகிறேன் என்று ஒரு வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பந்தைச் சுற்றி ஆவி மாதிரி ஒரு நிழல் வருவது அதனால்தான்.

ஒரு கால்பந்து அரையிறுதி. கூடுதல் நேரம், 118-வது நிமிஷம், கார்னர். பந்து வளைந்து உள்ளே வருகிறது, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பெயர் சொல்லப்போவதில்லை, சந்தா கட்டி வாங்கிய சேவைதான். இரண்டு நிமிஷம் சுற்றிவிட்டு என்னை வெளியே தள்ளி, மறுபடி கடவுச்சொல் கேட்டது. உள்ளே போனபோது ஒரு பக்கம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். கேபிளில் மழைக்குப் படம் போயிருக்கிறது, ஆனால் கடவுச்சொல் கேட்டதில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். சினிமா என்றால் முன்கூட்டியே எல்லா சர்வரிலும் பிரதி வைத்துவிடலாம். நேரலையில் அத்தனை பேரும் அதே நொடியில் அதே துண்டைக் கேட்கிறார்கள். 2023 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் ஸ்ட்ரீமிங்கில் பார்த்தார்கள். அது ஓடியதே பெரிய காரியம்தான். நம் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துப் பெட்டியில் செருகுவது. சுவரோரம் கேபிள் ஓடுவது அழகாக இல்லை என்று கணவர் முணுமுணுத்தார். கேபிளை விட்டதற்குக் கிடைத்த முதல் சாமான் ஒரு கேபிள் என்று மகள் சிரித்தாள். ஆனால் பாதிச் சுற்றல் அன்றோடு நின்றது. டேட்டா அளவு வைத்திருக்கும் இணைப்பு என்றால் ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். விநாடிக்கு 5 மெகாபிட் ஸ்ட்ரீம் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி தின்னும். டெஸ்ட் போட்டி நாளொன்றுக்கு ஆறு மணி நேர ஆட்டம், ஐந்து நாளும் பார்த்தால் 67 ஜிபியைத் தாண்டும். இடைவேளையில் நிறுத்த மறந்தால் இன்னும் மேலே.

சரி, இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாத ஒன்று, தாவுவது.

2019 ஜூலை 14 நினைவிருக்கிறதா? லார்ட்ஸில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி, அதே ஊரில் விம்பிள்டனில் ஃபெடரர், ஜோகோவிச் இறுதி. பகலில் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா ஒன் வேறு. லார்ட்ஸில் இரண்டு பக்கமும் 241. விம்பிள்டனில் ஐந்தாவது செட்டில் 8-7, ஃபெடரர் கையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட், ஒன்றை எடுத்தாலே கோப்பை, இரண்டையும் விட்டார். எங்கள் ரிமோட்டில் முந்தைய சேனலுக்குத் திரும்பும் பொத்தான் ஒன்று உண்டு. ஓவருக்கு ஓவர், கேமுக்கு கேம் அதை அழுத்தி அழுத்தி அதன் மேல் அச்சடித்திருந்த குறி அன்றைக்கே அழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். 4 மணி 57 நிமிஷ டென்னிஸ், அப்புறம் சூப்பர் ஓவரும் சமம், கடைசியில் 26-க்கு 17 என்று பவுண்டரி எண்ணி முடித்தார்கள். இரண்டையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம்.

அதை இன்று செய்து பாருங்கள். ஒரு ஆப்பை விட்டு வெளியே வந்து, முகப்புக்குப் போய், அடுத்த ஆப்பைத் திறந்து, யார் பார்க்கிறீர்கள் என்று அது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி, ஒரு விளம்பரம் பார்த்து, ஆட்டத்தைத் தேடி அழுத்தி, அது தெளிவாகும்வரை மங்கலாக ஒரு கொசகொசப்பைப் பார்த்து... எண்ணிப் பார்த்தேன், 34 விநாடி. ஒரு பந்து போயிற்று. இப்போது டிவிக்குக் கீழே டேப்லெட்டைச் சாய்த்து வைத்து இரண்டாவது ஆட்டத்தை அதில் ஓட்டுகிறேன். கண் கீழே மேலே போய்க்கொண்டிருக்கும். பொத்தான் தந்த சுகம் அதில் இல்லை.

கிடைத்த லாபத்தையும் சொல்ல வேண்டும், அது சின்னதில்லை. முழு ஆட்டத்தின் பதிவு அங்கேயே இருக்கும். வேலை முடிந்து வந்து, யாரும் எதுவும் சொல்லிவிடுவதற்குள், முதல் பந்திலிருந்து பார்க்கலாம். ஆனால் முகப்புப் படத்தைப் பார்க்காமல் உள்ளே போகப் பழக வேண்டும், ஜெயித்தவர் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருப்பார். அதைவிடப் பெரிய துரோகி கீழே ஓடும் நேரக் கோடு. டென்னிஸ் பதிவு இரண்டு மணி நேரம்தான் என்று காட்டினால் மூன்று செட்டில் கதை முடிந்தது என்று தெரிந்துவிடும். நான்காவது செட் நடக்கும்போது இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சம் என்றால், ஐந்தாவது செட் உறுதி, நான்காவதை யார் எடுப்பார் என்றும் தெரியும். அந்த மூலையில் ஒட்டும் காகிதச் சீட்டு ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறேன். டிவித் திரையில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும் வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

ஃபார்முலா ஒன்னுக்கு அதன் சொந்த எஃப்1 டிவி சேவை கிடைக்கும் நாட்டில் இருந்தால், ஒவ்வொரு ஓட்டுநரின் காருக்குள் இருக்கும் கேமராவையும் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். கடைசியில் பதினாறாவது இடத்துக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பேரோடு ஒரு மணி நேரம் போனேன். கேபிளில் அவர்களை யாரும் காட்டியதே இல்லை.

செலவு விஷயத்தில் முதல் மாதமே ஏமாந்தேன். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு ஆப் என்று வாங்கியதில் மொத்தம் பழைய கேபிள் கட்டணத்தையே தொட்டுவிட்டது. ஒளிபரப்பு உரிமை சில வருஷத்துக்கு ஒரு தடவை கை மாறும், அதனால் போன வருஷ ஞாபகத்தில் சந்தா கட்டாதீர்கள். ஒரு விளையாட்டு முழுசாக ஓரிடத்தில் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். டென்னிஸ் டிவி என்ற சேவையில் ஆண்களுக்கான ஏடிபி போட்டிகள் வரும், விம்பிள்டன் மாதிரியான நான்கு கிராண்ட்ஸ்லாமும் அதில் வராது, அவற்றுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். இப்போது வருஷச் சந்தா எதுவும் கட்டுவதில்லை. சீசன் ஆரம்பிக்கும் மாதம் சேர்வது, முடிந்த மறுநாள் நிறுத்துவது. நிறுத்த வேண்டிய தேதிகள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கின்றன, கணவர் கையெழுத்தில்.

போன வாரம் அப்பா கேட்டார். "ஒரு பச்சை மேஜையில கலர் கலரா உருண்டையைத் தட்டுவாங்களே, அது வருமா?" கேபிள் காலத்தில் ஒரு மழை நாள் சேனல் தாவிக்கொண்டிருந்தபோது தற்செயலாக மாட்டியது ஸ்னூக்கர். 1997 உலகச் சாம்பியன்ஷிப்பில் ரானி ஓ'சல்லிவன் ஐந்தே சொச்சம் நிமிஷத்தில் 147, அதாவது ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய முழுப் புள்ளியும், அடித்ததைப் பழைய பதிவாகக் காட்டினார்கள். அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்து முடித்தார், காபி ஆறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு எப்போது தாவினாலும் அங்கே ஒரு நிமிஷம் நிற்பார். நாங்கள் தேடி வாங்கிய மூன்று ஆப்பும் எங்களுக்குக் கிரிக்கெட்டையும் கால்பந்தையும்தான் திருப்பித் திருப்பிக் காட்டுகின்றன. தேடலில் "ஸ்னூக்கர்" என்று ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். முதல் ஆப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதுக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், காபியோடு.