999 கட்டியா, 916 நகையா, 750 மோதிரமா?

சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தின் நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாமே மஞ்சள்தான். கொக்கியின் ஓரத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதை அது சொல்லிவிடும். இத்தனைக்கும் மண்ணிலிருந்து தங்கம் 999 ஆக வருவதே அரிது. வெள்ளி கலந்துதான் கிடைக்கும், வெள்ளி கூடக்கூட நிறம் வெளிறும். அந்த மூன்று ஒன்பதும் சுத்திகரிப்பு ஆலை போட்டவை.

சேமிப்புக்கு வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது வரியை. 99.5 விழுக்காடும் அதற்கு மேலும் சுத்தமுள்ள முதலீட்டுக் கட்டிகளுக்கும் பட்டியலில் உள்ள நாணயங்களுக்கும் 2012 அக்டோபர் முதல் சிங்கப்பூரில் பொருள் சேவை வரி இல்லை. நகைக்கு 9 விழுக்காடு உண்டு, அதுவும் செய்கூலியையும் சேர்த்து. கணக்குக்கு, தங்கம் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கூலி 1,000 என்றால் வரி 990. நாளை விற்கப்போனால் கூலியும் வரியும் சேர்ந்த 1,990 திரும்பாது. 999 என்று பொறித்த பதக்கமும் நகைதான், வரி உண்டு. தென்னாப்பிரிக்காவின் குரூகராண்ட் தங்க நாணயம் 22 காரட் (அதாவது 916) என்பதால் சலுகைக்குள் வராது, 999.9 சுத்தமுள்ள கனடா மேப்பிள் லீஃப் வரும்.

உடம்பில் போட 999 ஒத்துவராது. அதன் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடின அளவில் 2.5 முதல் 3 வரைதான். நம் விரல் நகமே ஏறக்குறைய 2.5. தாலிச்சங்கிலியின் எஸ் கொக்கி தானாக வாய் பிளக்கும். கெட்டியாகத் தெரியும் 999 நகைகள் பல, மின்படிவு முறையில், அதாவது மின்சாரத்தால் அச்சின் மேல் தங்கத்தைப் படியவைத்துச் செய்த, உள்ளே வெற்றான உருக்கள். நசுங்கினால் நிமிர்த்துவது பெரும்பாடு. தினசரி உழைப்புக்கு, செம்பும் வெள்ளியும் சேர்ந்த 916தான் சரி.

கல் பிடித்து நிற்க 750 நல்லது, கல்லைக் கவ்வும் நகக்கால்கள் எளிதில் வளையாது. ஆனால் நீச்சல்குளக் குளோரின் அதன் கலப்பு உலோகத்தை அரித்து நகக்காலில் கீறல் விடும், கழற்றிவிட்டு இறங்குங்கள்.

எண்ணை நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, கல் இல்லாத 2 பவுன் (16 கிராம்) சங்கிலியை நூலில் கட்டி அடி தொடாமல் முக்குங்கள். சங்கிலி விலக்கும் தண்ணீரின் எடையைத் தராசு காட்டும்: 916 என்றால் சுமார் 0.90 கிராம், 750 என்றால் 1.03 அளவில் நிற்கும். கண்ணிகளுக்குள் காற்றுக் குமிழ் சிக்கினால் நல்ல நகையும் மட்டமாகத் தெரியும்; ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழ் போய்விடும்.

கட்டிக்கு இந்தச் சோதனை போதாது. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டன் என்ற உலோகத்துடையது 19.25, உள்ளே டங்ஸ்டன் வைத்த போலியும் தேறிவிடும். அதனால்தான் வரிசை எண்ணோடு முத்திரையிட்ட உறையைப் பிரிக்காமல் வைக்கச் சொல்கிறார்கள். பிரித்ததைத் திரும்ப வாங்கும்போது கடைக்காரர் சோதனைக்கு அனுப்பலாம், விலையையும் குறைக்கலாம்.